கச்சான் அடிக்கும் மாதங்களில், குழந்தைகளோடு திருகோணமலைக் கடல்

கேள்வி, மே 6, 2023

ஜூலை நடுவில் வேலை காரணமாகச் சென்னையிலிருந்து திருகோணமலைக்குக் குடிவருகிறோம், மூன்று மாதத்துக்கு. பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது. என் அம்மாவும் வருகிறார். மெரினாவில் கால் நனைத்ததைத் தவிர எங்களுக்குக் கடல் பழக்கம் கிடையாது. அங்கே குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கலாமா? எதை முதலில் பார்ப்பது?

மே 6, இரவு

இறக்கலாம். தாராளமாக இறக்கலாம்.

நாங்கள் கும்பகோணம். கடல் என்றால் வருடத்தில் ஒரு நாள் பூம்புகார், அதுவும் முழங்கால் வரை, யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். கணவருக்கு இங்கே ஒரு கட்டட வேலை. மார்ச் கடைசியில் வந்து உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்பாதியில் இருக்கிறோம். மகளுக்கு 11, மகனுக்கு 6, கூடவே என் மாமியார். நிலாவெளிக் கடலை முதல் தடவை பார்த்ததும் என் மகன் கேட்டது: "அம்மா, இதை யார் நிறுத்தி வைத்தார்கள்?" அவ்வளவு தட்டை. மகாமகக் குளத்தில் இதைவிட அலை அதிகம். வெள்ளை மணல், இடுப்பளவு ஆழத்தில் நின்று குனிந்தால் கால்விரல் தெரியும். பயமில்லாமல் விடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு. இரண்டாவது நிலாவெளியில் சூரியன் மறைவது. மற்றவை பிறகு.

நேற்று வெசாக். ஊரெல்லாம் காகிதக் கூடு விளக்குகள், வழியில் வண்டியை நிறுத்தி இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். தன்சல் என்று பெயர். கறிக்கடை திறக்கவில்லை. பௌர்ணமி வரும் நாள்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள், முதல் நாளே காய்கறி வாங்கிவிடலாம்.

மே 7

சூரியன் மறைவது பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். நிலாவெளி கிழக்குக் கரை. சூரியன் அங்கே பனைமரத்துக்குப் பின்னால், ஒருவருடைய ஆட்டுப் பட்டிக்கு மேலேதான் மறைகிறது. உற்சாகத்தில் எழுதிவிட்டேன். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம், அதற்கு ஐந்தரைக்கு எழ வேண்டும். மறைவதைத் தண்ணீருக்கு மேல் பார்க்க விரும்பினால் நகரத்துக்கு வாருங்கள். நகரம் ஒரு தீபகற்பத்தில் இருப்பதால், கிழக்கே டச்சுக் குடா, மேற்கே உள்துறைமுகம். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், நடுவில் பத்து நிமிட நடை.

தனியாக எழுதிக் கேட்ட இன்னொருவருக்கு நிலாவெளி பத்துக் கிலோமீட்டர் என்று நான் சொன்னது எங்கள் வீட்டிலிருந்து. நகரத்திலிருந்து என்றால் பதினைந்து என்று வையுங்கள்.

மே 14

அம்மாவை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் இது.

கோணேசர் கோயிலுக்குக் காலை ஆறரைக்குப் போங்கள். நாங்கள் முதல் தடவை மதியம் போய், நடை சாத்தியிருக்க, கோட்டைக்குள் ஏற்றத்தில் வெறுங்காலோடு அத்தையை நடத்தி, வீட்டில் மூன்று நாள் அதைப் பற்றிக் கேட்டேன். கோயில் சுவாமி மலை என்று இங்கே சொல்லும் பாறையின் உச்சியில், அதற்கு அப்பால் செங்குத்தாகக் கடல். பாறையில் ஒரு பிளவு இருக்கிறது, இராவணன் வெட்டு என்கிறார்கள். போர்த்துகீசர் 1620களில் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களையும் கொண்டுதான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். புதைத்து வைத்த விக்கிரகங்கள் சில 1950 இல் கிணறு தோண்டும்போது கிடைத்தன. அத்தைக்கு இந்தக் கிணறு பிடித்துவிட்டது. எந்தக் கிணறு, எங்கே என்று வழியில் கண்ட எல்லாரையும் கேட்டார்.

சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியது இராமேசுவரத்தில் இருந்தபடியே என்பது மரபு. "அவர் வராமலே பாடிவிட்டார், நான் வந்தும் மூச்சு வாங்குகிறேன்" என்றார் அத்தை, படியில் உட்கார்ந்து.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாதிரி திரிகின்றன. அர்ச்சனைத் தட்டைத் தாழ்த்திப் பிடிக்காதீர்கள். எங்கள் வாழைப்பழம் இரண்டும் சுவாமியைப் பார்க்கும் முன்பே போயின.

கன்னியா வெந்நீரூற்று: ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறங்க முடியாது, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். தன் தாய்க்குக் கடன் செய்ய வந்த இராவணன் கதையோடு சேர்ந்த இடம். "தாய்க்காக ஏழு கிணறு" என்று அத்தை என் கணவரைப் பார்த்து இரண்டு முறை சொன்னார். மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரத்தில் அலுத்துவிடும்.

மே 20

ஒரு சொல் பற்றி. வீட்டுக்கார மாமி தினமும் காலையில் முற்றத்தில் நின்று "கச்சான் தொடங்கிவிட்டது" என்பார். இங்கே வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். கோயில் வாசலில், கடற்கரையில், பஸ் நிலையத்தில் வறுத்து விற்கிறார்கள். அறுவடை தொடங்கிவிட்டது போலும் என்று நினைத்து, எந்தக் கடையில் மலிவு என்று நான் கேட்டேன். மாமி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கச்சான் என்றால் மேல்காற்றும்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வெறும் அனலாக வருகிறது. கொழும்பில் குடை, இங்கே தொண்டை வறட்சி. துணி அரைமணி நேரத்தில் காய்கிறது, அப்பளமும் வத்தலும் போட்டால் ஒரே நாள். செப்டம்பர் வரை இப்படித்தான் என்கிறார்கள். பிறகு வாடை, மழை, கொந்தளிக்கும் கடல். அக்டோபர் கடைசியிலிருந்து பிள்ளைகளோடு கடலுக்கென்று யாரும் இங்கே வர வேண்டாம். உங்கள் மூன்று மாதம் சரியான மூன்று மாதம்.

இன்னொன்று, மாமி என் பிள்ளைகளைத் தன்னை அம்மம்மா என்று கூப்பிடப் பழக்கிவிட்டார். "அப்படியானால் நான் யார்?" என்று அத்தை. "நீங்கள் அப்பம்மா" என்றார் மாமி. இரண்டு நாள் வீட்டில் அமைதி இல்லை.

ஜூன் 4

புறாத்தீவு, நேற்று.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், படகில் பத்து நிமிடம். பெரிய தீவு, சிறிய தீவு என்று இரண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கடற்படை சுட்டுப் பழகிய இடம். 2003 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு டிக்கெட், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு, படகுக்குத் தனி. அத்தை நூல் புடவையில் நின்று, "நாங்களும் தமிழர்கள்தானே தம்பி" என்று கேட்டுப் பார்த்தார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "தமிழுக்கு டிக்கெட் இல்லை அம்மா, கடவுச்சீட்டுக்குத்தான் டிக்கெட்" என்றான். கடவுச்சீட்டை எடுத்துப் போங்கள். பணமும்.

பவளப்பாறைக்கு இங்கே முருகைக்கல் என்று பெயர். படகுக்காரர் "முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்" என்றதும் அத்தை செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டார். முருகன் கல் என்று காதில் விழுந்திருக்கிறது. பலனும் அதுவேதான்: எங்கள் கூட்டத்தில் கடைசி வரை ஒரு துண்டைக்கூட மிதிக்காதவர் அத்தை மட்டுமே. கரை முழுவதும் மணலைவிட உடைந்த முருகைத் துண்டுகள் அதிகம். ரப்பர் செருப்பு இல்லாமல் பிள்ளைகளால் நடக்க முடியாது. ஒரு துண்டைக்கூட எடுத்துவரவும் கூடாது, மகளின் பையிலிருந்து மூன்றைத் திரும்பப் போட வைத்தேன்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும், நீந்த வேண்டியதில்லை. தொடையளவு தண்ணீரில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று மகளைச் சுற்றிக்கொண்டு போனது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் சாதி. அன்று இரவு மகள் தொலைபேசியில் ஊரில் இருக்கும் எல்லாருக்கும் அதன் நீளத்தைச் சொன்னாள். கடைசி அழைப்பில் அது எட்டு அடி.

நிழல் குறைவு. குடிதண்ணீரை நீங்களே எடுத்துப் போக வேண்டும். ஒன்பதுக்கு முன்னால் போய்ப் பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள்.

ஜூன் 11

திமிங்கிலம் பார்க்கப் படகு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, இந்த மாதங்களில்தான். துறைமுக வாயிலருகிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது. நாங்கள் போனோம். ஒரு பீச்சல், ஒரு முதுகு, அத்தை ஐந்து முறை வாந்தி. உங்கள் அம்மாவை வீட்டில் விட்டுப் போங்கள்.

ஜூன் 25, இரவு

மே 6 இல் எழுதியதை நம்ப வேண்டாம். அதைத் திருத்த மனம் இல்லை, அப்படியே கிடக்கட்டும்.

இன்று காலை ஒன்பதரை, நிலாவெளி. கடல் வழக்கம்போலக் கண்ணாடி. மகன் காற்றடைத்த ரப்பர் வளையத்தில், வாத்துத் தலை வைத்தது, நகரத்தில் வாங்கியது. மகள் அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவில் நின்றாள். தண்ணீர்க் கண்ணாடியைச் சரிசெய்ய இரண்டு கையையும் எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அலை இல்லை, சத்தம் இல்லை, யாரும் விழவில்லை. வளையம் நகர்ந்தது. அவன் பயப்படவும் இல்லை, எங்களைப் பார்த்துக் கை அசைத்தான். நாங்களும் அசைத்தோம். என் கணவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் முதல் இருபது விநாடி நான் சிரிக்கும் சத்தம் கேட்கிறது.

பிறகு அவன் சின்னதாக இருப்பதைக் கவனித்தேன். கணவர் ஓடினார், நடந்தார், கழுத்தளவில் நின்றுவிட்டார். அவருக்கு ஆற்று நீச்சல் தெரியும். நான்கு கை போட்டால் வளையம் ஐந்து கை தள்ளிப் போகிறது. மகள் கரையில் நின்று கத்துகிறாள், அவன் இன்னும் கை அசைக்கிறான்.

கொஞ்சம் தள்ளிக் கரைவலைக்காரர்கள் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. படகைத் தள்ளி, இயந்திரத்தை இழுத்து, போய், வாத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, திரும்பி வந்தார். மொத்தம் ஆறு ஏழு நிமிடம் இருக்கும். பையன் இறங்கியதும் கேட்டது, "இன்னொரு முறை போகலாமா?"

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள்.

ஜூன் 26

ஆறுதல் சொல்லியவர்களுக்கு: சரி. "பிள்ளையைத் தனியாக ஏன் விட்டீர்கள்" என்று கேட்டவருக்கு: தனியாக விடவில்லை, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் இதில் எனக்குத் தாங்க முடியாதது.

ஜூலை 2

அந்த அண்ணனைத் தேடி நேற்று போனோம். சேலத்து மாம்பழமா கிடைக்கும் இங்கே, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு கூடை. பணம் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று மாமி சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். கடல் ஏன் தட்டையாக இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்களா? கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அலையைக் கரைக்கு வர விடாமல் அதுதான் அழுத்திப் பிடித்திருக்கிறது. எதனால் கடல் குளமாக இருக்கிறதோ, அதுவேதான் மிதப்பதையெல்லாம் வெளியே கொண்டுபோகிறது. மனித உடம்பு தண்ணீருக்குள் இருக்கிறது, காற்றுக்கு அதில் பிடி கிடையாது. காற்றடைத்த வளையம் முழுக்கத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, அது பாய் விரித்த தோணி. பந்தும் அப்படித்தான், பிளாஸ்டிக் மெத்தையும் அப்படித்தான். பந்து போனால் போகட்டும் என்று விட வேண்டும், பின்னால் நீந்தக் கூடாது. கரையோரம் மரங்கள் மறைப்பதால் காற்றே இல்லை என்று தோன்றும். முப்பது அடி தள்ளிப் போனதும் பிடித்துக்கொள்ளும்.

பூம்புகாரில் அலை எங்களைப் பயமுறுத்தியது, நாங்கள் பயந்தோம், கணக்குச் சரியாக இருந்தது. இங்கே பயமுறுத்த எதுவும் இல்லாததால் நான் ஊருக்கெல்லாம் "தாராளமாக" என்று எழுதினேன்.

மாமி மே மாதம் முழுவதும் முற்றத்தில் நின்று எனக்குச் சொன்னதும் இதைத்தானே. நான் கடலை விலை கேட்டேன்.

ஜூலை 8

நிலாவெளிக் கடலைவிட்டு இரண்டு வாரமாக வேறு இடங்கள். மகன்தான் முணுமுணுக்கிறான்.

மார்பிள் பீச்: விமானப்படை நடத்துகிறது, டிக்கெட் உண்டு, சீனன்குடாவைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் மேடு காத்து நிற்கும் சிறு குடா. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது. வளையத்தை அங்கேயும் நாங்கள் எடுத்துப் போகவில்லை.

கிண்ணியா வழியாக வெருகல் முருகன் கோயில்: 2009 இல் திறந்த நீளமான பாலம், அதற்கு முன்பு படகுப் பாதைதானாம். அத்தைக்குத் திருப்தி, பிள்ளைகளுக்குப் பாலம் மட்டும்.

நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம். இதைப் பார்க்கும் எண்ணமே இல்லை, ஓட்டோ பழுதாகி நின்றதால் உள்ளே போனோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. கத்தரித்த புல், வரிசையாகக் கற்கள். மகள் ஒவ்வொரு கல்லாகப் படித்தாள், பெயரை அல்ல, வயதை. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது. "அண்ணன்கள் மாதிரி" என்றாள். ஓட்டோக்காரத் தம்பி சரிசெய்துவிட்டு ஒலி எழுப்பியும் அவள் வரவில்லை. சுறாவைப் பற்றிப் பேசியவள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

2023 ஜூலையில் பெட்ரோல் கியூஆர் அட்டையில் வாரக் கணக்காகத்தான் கிடைத்தது. தூரப் பயணத்துக்கு ஓட்டோவோ வேனோ வாரத் தொடக்கத்தில்தான் பேச முடிந்தது, கடைசி நாளில் கேட்டால் கையை விரித்தார்கள்.

ஜூலை 19

வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வேனில் இரவில் வந்தீர்கள் என்பதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலைக்குப் பிறகு யானை வீதியைக் கடக்கும். அடுத்த முறை பகலில் வாருங்கள், கந்தளாயில் இறங்கிச் சட்டித் தயிர் வாங்கலாம். எருமைத் தயிர், கவிழ்த்தாலும் விழாது. கித்துள் பாணி, அதாவது ஒரு வகைப் பனையின் பாகு, ஊற்றிச் சாப்பிட வேண்டும். தயிர் சாதத்துக்குப் பிறந்த என் கணவர் அதில் பாணி ஊற்றுவதை இன்னும் பாவமாகத்தான் நினைக்கிறார், ஆனால் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 13

ஜூலை 2 குறிப்பில் ஒரு பிழை, அல்லது பாதி உண்மை. எப்போதும் காற்று கடலுக்குத்தான் போகிறது என்று எழுதிவிட்டேன். இந்த ஒரு மாதமாகக் கவனிக்கிறேன். சில பின்னேரங்களில் காற்று திரும்பிக் கடலிலிருந்து வருகிறது; அப்போது சிறு அலை எழுந்து, பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மிதப்பதைக் கரைக்கே தள்ளிவிடும். எந்த நாளில் எந்த மணிக்குத் திரும்பும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அதனால் மணிக்கணக்கை விட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் முறை இது. கரைக்குப் போனதும் ஒரு பொட்டலம் கச்சான் வாங்குகிறோம். ஆளுக்கு நாலு பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கடலைப் பார்த்து நின்று, கையைத் தலைக்கு மேலே விரிக்கிறோம். சிவப்புத் தோல் நம் முகத்தில் வந்து விழுந்தால் வளையம் வெளியே வரலாம், அதுவும் கயிற்றோடு. தோல் கடல் பக்கம் பறந்தால் வளையம் பையிலேயே இருக்கும், பிள்ளைகள் வெறும் உடம்போடு முழங்காலளவில் விளையாடலாம், ஒரு பெரியவர் அவர்களைவிட ஆழத்தில், கரையைப் பார்த்து நிற்க வேண்டும். நாங்கள் எல்லாரும் கரையில் நின்று கடலைப் பார்த்தோம் அன்றைக்கு.

மகன் இதற்கு "கச்சானைக் கேட்பது" என்று பெயர் வைத்திருக்கிறான். மாமியிடம் செய்து காட்டினான். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு மே மாதக் கடன் தீர்ந்தது.

ஆகஸ்ட் 14

"கடலைத் தோல் வைத்தா கடலைக் கணிப்பது?" என்று கிண்டல் செய்தவருக்கு: சாம்பல், நூல், கைக்குட்டை எதுவும் ஆகும். ஆனால் அவற்றைத் தின்ன முடியாது.

செப்டம்பர் 10

வேலை முடிந்தது, பதினாறாம் தேதி கிளம்புகிறோம். அத்தை கோணேசரிடம் கடைசியாக ஒரு முறை சொல்லிக்கொண்டு வந்தார். பாறையோர மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டியிருக்கும் குட்டித் தொட்டில்களை எண்ணிப் பார்த்து, எண்ண முடியாமல் விட்டார். கிணறு எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

கேட்டவருக்கு: உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வாத்து வளையத்தை மாமி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன், உங்கள் சின்னவனுக்குச் சரியாக இருக்கும். கழுத்தில் ஒரு ஒட்டு உண்டு, காற்று இறங்காது. நைலான் கயிறு பன்னிரண்டு முழம், முடிச்சு அந்த அண்ணன் போட்டது, அவிழ்த்துவிட்டால் எனக்குத் திரும்பப் போடத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மாமியிடம் போகும்போது கச்சான் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.